எட்டுப் பேருக்கு ஒரு வாடகை வீடு: வாசகர் கேள்வி பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, பெரிய குடும்பத்துக்கு வாடகை வீடு எடுப்பது பற்றியவை. வன்னியில் இது இலேசான காரியமன்று. 2009 க்குப் பின்னர் இங்கே எழுந்த வீடுகளில் பெரும்பகுதி வீடமைப்புத் திட்ட வீடுகள். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடிதான். ஆகவே ஐந்தாறு அறைகளோடு வாடகைக்கு வரும் வீடு பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர் கட்டியதாகவோ, கடைக்கு மேல் எழுப்பிய மாடியாகவோ இருக்கும். அதையும் அலுவலகம் வைப்பதற்காக யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிடைத்ததை விட்டுவிடக்கூடாது என்ற அவசரம் அங்கிருந்துதான் வருகிறது. காணிக் கிளையில் நெடுங்காலம் எழுதுவினைஞனாக இருந்தவன் என்ற முறையில், அறைகளை எண்ணுவதற்கு முன்னர் பத்திரத்தைக் கேளுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. எந்தப் பத்திரத்தைக் கேட்பது என்பது ஆளுக்காள் வேறுபடும்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எனது கணவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்துள்ளது. நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மாமா, மாமி, திருமணமாகாத மச்சாள் என எட்டுப் பேர். குருமன்காட்டுப் பக்கம் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் ஐந்து அறைகள் கொண்ட வீட்டைப் பார்த்தோம். மாத வாடகை 55,000 ரூபாய். வீட்டுக்காரி கனடாவில் இருக்கிறார். தம்பியார்தான் சாவியை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்குத் தருவதாகவும், ஒரு வருட வாடகையான 660,000 ரூபாயை முதலிலேயே தரவேண்டும் என்றும் சொல்கிறார். முத்திரை ஒட்டிய தாளில் இரு பகுதியும் ஒப்பமிட்டால் போதும், நொத்தாரிசிடம் போய்ச் செலவழிக்கத் தேவையில்லை என்கிறார். மாமா கொடுத்துவிடலாம் என்கிறார், கணவர் தயங்குகிறார். வாடகைச் சட்டம் எங்களைக் காப்பாற்றாதா?
— வாசகி, மல்லாவி

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் சரியானது. வாடகைச் சட்டத்தைக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுக்கிறது. குடியிருப்பவரை வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்பிவிட முடியாமலும் செய்கிறது. பலருக்கு நினைவிலிருப்பது இவ்வளவுதான். ஆனால் 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 1980 சனவரி 1 க்குப் பின்னர் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. வன்னியில் இன்று வாடகைக்கு வரும் மாடி வீடுகளில் 1980 க்கு முந்தியது எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூரை தப்பிய பழைய வீடுகளே இங்கு அரிது. எனவே உங்களுக்கும் வீட்டுக்காரிக்கும் இடையில் என்ன எழுதப்படுகிறதோ, அதுவே பெரும்பாலும் உங்களைக் காக்கவேண்டும்.

அந்த எழுத்து எங்கே எழுதப்படவேண்டும் என்பதை மிகப் பழைய சட்டம் ஒன்று சொல்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால் மட்டுமே செல்லும். முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு வருடம் என்று எவ்வளவு அழகாக எழுதினாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாதவாடகைக்கு இருப்பவர்தான். அதாவது, ஒரு வருடப் பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகும், ஒரு மாத அறிவித்தலோடு உங்களை எழுந்து போகச் சொல்ல இடமிருக்கிறது. கொடுத்த பணம் அழிந்துபோகாது, மீதியைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் தர மறுத்தால் வழக்குப் போட்டு மீட்கவேண்டும், அதுவும் கனடாவில் இருக்கும் ஒருவரிடமிருந்து. நொத்தாரிசுக் கூலியை மிச்சம்பிடிக்கச் சொன்னவர் யாருடைய நன்மைக்காகச் சொன்னார் என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தம்பியாருடைய அதிகாரம். சாவி கையில் இருப்பதனால் மட்டும் ஒருவர் குத்தகை எழுதிக்கொடுக்க முடியாது. வீட்டுக்காரி அவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தமக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், கொடுத்திருக்கவேண்டும். அதில் குத்தகைக்குக் கொடுப்பதற்கும் வாடகைப் பணம் பெறுவதற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவேண்டும். இங்கே பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்கவேண்டும். காணியைப் பராமரிக்க மட்டும் கொடுத்த தத்துவத்தைக் காட்டி வீட்டை வாடகைக்கு விடுவோர் உண்டு. கொடுத்தவர் இறந்தாலோ, மீளப் பெற்றுக்கொண்டாலோ அந்தத் தத்துவம் முடிந்துவிடும் என்பதனால், வீட்டுக்காரியோடு ஒருமுறை காணொளி அழைப்பில் பேசிவிடுவது நல்லது. இதில் யாரும் கோபிக்க ஒன்றுமில்லை. கோபித்தால் அதுவும் ஒரு தகவலே.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் சட்ட விளக்கங்களில் இது இடம்பெறுவதில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருக்கும். வீட்டுக்காரி, வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரும் திருமணமானவருமாக இருந்தால், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தமது அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்தில் இப்படியொரு விதி இருக்கலாமா என்பது வேறு வாதம். இருக்கிறவரை நொத்தாரிசு அதைக் கேட்பார். தத்துவப் பத்திரத்தில் கணவரின் ஒப்பமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் பெற்றுவர ஒரு மாதமாவது எடுக்கும். அந்த ஒரு மாதத்தைப் பொறுக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வருடக் குத்தகையை நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். அதே பதிவகத்தில் முதலில் ஒரு தேடுதல் செய்வித்து, வீடு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பதிவு செய்யப்பட்ட குத்தகையின் பெரிய பலன், இடையில் வீடு விற்கப்பட்டாலும் வாங்கியவர் உங்கள் காலத்தை மதிக்கவேண்டும் என்பதே; இது நாம் ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற உரோம-டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. பணத்தைப் பொறுத்தவரை, மூன்று மாத வாடகையை வைப்பாகக் கொடுத்து, மீதியை மாதாமாதம் வீட்டுக்காரியின் வங்கிக் கணக்கிலேயே இடுவதற்குக் கேளுங்கள். ஒரு வருடப் பணம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், முழுத் தொகையும் உறுதியில் எழுதப்பட்டு, மாதம் 55,000 ரூபாய் வீதம் கழியும் என்றும், இடையில் குத்தகை முறிந்தால் மீதி எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரப்படும் என்றும் சேர்க்கப்படவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் கொடுக்கும் பணம் கோயில் உண்டியலில் போட்ட பணத்துக்குச் சமம்.

பத்திரம் முடிந்தது, வீட்டுக்கு வருவோம். மேல்மாடி என்கிறீர்கள். மாமாவும் மாமியும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் படியில் ஏறி இறங்குவார்கள்? அவர்களுக்காகத்தானே ஐந்து அறை தேடுகிறீர்கள்? அடுத்ததாக, நண்பகல் இரண்டு மணிக்குப் போய் அரை மணிநேரம் அங்கே இருந்து பாருங்கள். கொங்கிறீற்றுத் தட்டுக்கு நேர் கீழே உள்ள அறைகள் வவுனியாவின் சித்திரை வெயிலில் இரவு பத்து மணிவரை கொதிக்கும். மாலையில் தரகர் காட்டும்போது அது தெரியாது.

தண்ணீரே பெரிய கேள்வி. எட்டுப் பேருக்கு, உடுப்புத் தோய்ப்பதையும் சேர்த்தால், நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றர் அளவில் போகும். தாங்கியின் கொள்ளளவைக் கேளுங்கள். கீழே உள்ள கடைகளும் அதே கிணற்றில், அதே மோட்டாரில் எடுக்கின்றனவா என்றும் கேளுங்கள். இப்போது மாரி முடிந்த காலமாக இருந்தால் எந்தக் கிணறும் நிறைந்துதான் தெரியும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேளாமல் கீழ்க்கடைக்காரரிடம் கேளுங்கள். வவுனியாவின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்கும். சிறுநீரக நோய் இங்கே பலரின் வீட்டில் நுழைந்த பிறகு குடிநீரைத் தனியாக வாங்குவது வழக்கமாகிவிட்டதால், அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். மலக்குழி எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது, கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நால்வர் இருந்த வீட்டில் எண்மர் குடியேறினால் முதலில் சொல்லிக்காட்டுவது அதுதான்.

குடிபுகுந்ததும் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள். பாடசாலை அனுமதிக்கு வதிவிடச் சான்று கேட்கும்போது, வாக்காளர் இடாப்பும் பதிவு செய்த குத்தகை உறுதியும் உதவும். முத்திரைத் தாள் அங்கேயும் நொண்டும்.

கேள்வி: ஐயா, கிளிநொச்சி, வட்டக்கச்சிப் பக்கம் ஆறு அறை வீடொன்றை மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு எடுக்க வீட்டுக்காரரோடு பேசி முடித்துவிட்டோம். நொத்தாரிசு, காணி அனுமதிப்பத்திரக் காணி என்பதால் எழுத முடியாது என்கிறார். வீடு அவர் கட்டிய வீடு. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அந்தக் காணியில் இருக்கிறார்கள். பிறகென்ன தடை?
— வாசகர், பரந்தன்

பதில்: வீடு அவருடையதாக இருக்கலாம், காணி அரசினுடையது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியில் உருவான குடியேற்றங்களில் பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. காணியில்லாத விவசாயி தாமே குடியிருந்து பயிர்செய்யவேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட காணி அது; கைமாறிக் கைமாறிப் பணக்காரரிடம் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஆகவே உங்கள் நொத்தாரிசு எழுத மறுத்தது உங்களுக்குச் செய்த உதவி. வேறொரு நொத்தாரிசைத் தேடி அலையாதீர்கள்.

முதலில் வீட்டுக்காரரையே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் இருப்பது அனுமதிப்பத்திரமா, அதன் நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னர் கொடுக்கப்படும் அளிப்புப் பத்திரமா என்பதை அங்கே கோவையைப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டையும் மக்கள் ஒரே சொல்லால் அழைப்பார்கள். எங்கள் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தகப்பனின் பெயரிலிருந்த தாளையே தமது பத்திரம் என்று நீட்டியிருக்கிறார்கள். அது உங்கள் விடயத்திலும் நடக்கலாம். அனுமதிப்பத்திரம் பெற்றவர் இறந்தால் காணி, வாழ்க்கைத்துணை இருந்தால் முதலில் அவருக்கும், அதன் பின்னர் நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கும் போகும். நியமனம் இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் வரிசையில் போகும். பெரும்பாலும் அது பிள்ளைகள் எல்லோருக்குமன்று, ஒருவருக்கே. உங்களோடு பேசுபவர் அந்த ஒருவரா, அல்லது அங்கே குடியிருக்கும் இன்னொரு மகனா என்பது தெரியாமல் மூன்று வருடப் பணத்தைக் கொடுப்பது ஆபத்து.

சம்மதம் கிடைக்காவிட்டால், வீட்டை விட்டுவிடுங்கள் என்பதே எனது முதல் விருப்பம். அதை விட மனமில்லை என்றால், மாதாமாதம் வாடகை கொடுத்து, மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்கி, எந்த மாதமும் எழுந்துபோக வேண்டிவரலாம் என்ற எண்ணத்தோடு இருங்கள். உங்கள் பணத்தில் குளியலறை கட்டுவது, மதில் எழுப்புவது, குழாய்க்கிணறு அடிப்பது எதுவும் வேண்டாம். "வாடகையில் கழித்துக்கொள்ளலாம், தம்பி, கட்டுங்கோ" என்று அன்பாகச் சொல்வார்கள். கழிப்பதற்கு வாடகைக் காலமே உறுதியில்லாத இடத்தில் எதில் கழிப்பது?

கேள்வி: நானும் அக்காவும் புதுக்குடியிருப்பில் கற்பிக்கிறோம். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு பெரிய வீடு எடுத்தால் செலவு குறையும் என்று நினைக்கிறோம். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு ஒன்று. ஒரே மின்மானி, ஒரே குசினி. வாடகையையும் மின்கட்டணத்தையும் எப்படிப் பிரிப்பது முறை?
— ஆசிரியை ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: வாடகையில் மிச்சம் வரும், மின்சாரத்தில் வராது. வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிநிலையாக ஏறுவது. பயன்படுத்தும் அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். மாதம் 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. இரண்டு குடும்பமும் தனித்தனியாக 100 அலகு வீதம் எரித்தால் இருவருமே அந்தப் படிக்குக் கீழே நிற்பீர்கள். ஒரே மின்மானியில் அதே 200 அலகு உங்களை மேலே தூக்கிவிடும். கட்டண வீதம் அடிக்கடி மாறுவதால், இறுதியாக வந்த மின்பட்டியலை வீட்டுக்காரரிடம் வாங்கி, அதிலுள்ள வீதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதே பட்டியலில் நிலுவை ஏதும் கிடக்கிறதா என்பதும் தெரியும். தனி வாசலும் தனிக் குசினியும் அமைக்கக்கூடிய வீடாக இருந்தால் இரண்டாவது இணைப்புக்கு வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் உள்ளே ஒரு துணை மின்மானியைப் பூட்டினால், கட்டணம் குறையாவிட்டாலும் சச்சரவு குறையும்.

வாடகையை அறைக் கணக்கிலும், தண்ணீர், மின்சாரத்தைத் தலைக் கணக்கிலும் பிரியுங்கள். ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் ஒப்பமிட்டால் மற்றவர் சட்டப்படி விருந்தாளி. இருவரும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று ஒப்பமிட்டால், அக்கா இடமாற்றமாகிப் போனாலும் முழு வாடகையும் உங்கள் தலையில் விழும். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? ஒருவர் விலகினால் மற்றவரும் இரண்டு மாத அறிவித்தலோடு விலகலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். குசினியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அக்கா தங்கை என்றாலும் இரண்டு அடுப்பு நல்லது என்று என் மனைவி சொல்லச் சொன்னார்.

கேள்வி: எழுத்தில் ஒன்றுமில்லாமல் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை நிலுவை எதுவுமில்லை. இப்போது மகளுக்கு வீடு வேண்டும், இரண்டு கிழமைக்குள் எழும்புங்கள், இல்லையென்றால் பூட்டைப் போட்டுவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். வயதான தாயோடு எங்கே போவது?
— வாசகர், மாங்குளம்

பதில்: மாதவாடகைக்கு இருப்பவருக்கு ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுக்கப்படவேண்டும், அது மாத முடிவோடு முடியவேண்டும். இரண்டு கிழமை போதாது. அறிவித்தல் முடிந்த பிறகும் நீங்கள் எழும்பாவிட்டால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டுமே தவிர, பூட்டுப் போடவோ, மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கவோ அவருக்கு உரிமையில்லை. அதற்காக, எப்போதும் இருந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். வாடகைக்கு விட்டவர்கள் வீட்டை விரைவாக மீளப் பெறுவதற்கு 2023 இல் ஒரு சிறப்புச் சட்டமே வந்திருக்கிறது. வீட்டுக்காரரின் மகளுக்கு வீடு வேண்டும் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். மூன்று மாதம் கேளுங்கள், இரண்டுக்கு இணங்குங்கள், இணங்கியதை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பேசி முடியாவிட்டால் மத்தியஸ்த சபையில் முறையிடலாம். செலவு பெரிதாக வராது. சட்ட ஆலோசனைக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அவர் சொன்னபடியே பூட்டைப் போட்டுவிட்டால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே அமர்த்த நீதவானால் கட்டளையிட முடியும். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கவேண்டும். உறவினர் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்களைக் கடத்திவிடாதீர்கள். இந்த மாத வாடகையை இன்றே வங்கியில் இட்டு, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.